பூனைக் காப்பகத்தின் ஏழாவது நிபந்தனை

போன வெள்ளிக்கிழமை மாலை ஒரு பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேராகப் படுக்கையறை ஜன்னலுக்குப் போனார். இந்த நாட்டு ஜன்னல்கள் இரண்டு விதமாகத் திறக்கும். கதவு போல முழுதாகவும் திறக்கும். மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து, காற்றுக்கு ஓர் இடுக்கு விட்டும் நிற்கும். அவர் அந்த இடுக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். பூனைக்குட்டி இதில் ஏறி மாட்டிக்கொண்டால் வெளியே வரத் தெரியாதாம். இடுப்பு நசுங்கிச் செத்துவிடுமாம். எல்லா ஜன்னலுக்கும் கம்பி வலை வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு குளியலறை, பிறகு பால்கனி. பூத்தொட்டியில் இருந்த செடியின் பெயரைக் கேட்டார். துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி எப்போதும் மூடியே இருக்குமா என்று கேட்டார். நான் பின்னாலேயே போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு மாணவனைப் போல இப்படிக் கைகட்டி நின்றது விசா அலுவலகத்துக்குப் பிறகு இங்கேதான்.

அவர் பெயர் திருமதி கெல்லர். எங்கள் ஊர் விலங்குக் காப்பகத்தில் இருந்து வந்தவர். காப்பகத்தை இங்கே டீர்ஹைம் என்கிறார்கள். என் மகள் கயலுக்கு ஒன்பது வயது. ஒரு பூனைக்குட்டி வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சரி, போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனோம். எங்கள் சொந்த ஊர் சூலூரில் பூனைக்குட்டி வேண்டுமென்றால் பக்கத்துத் தறிக்குடோனில் கேட்டால் போதும்; அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிடுவார்கள். இங்கே நான்கு பக்கப் படிவம் கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை பேர், பூனை எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே, விடுமுறைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள். இவ்வளவையும் நிரப்பிக் கொடுத்த பிறகு, "ஒரே குட்டியைத் தர மாட்டோம். இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேண்டாம். புது இடத்தில் ஒற்றையாக இருந்தால் குட்டி உள்ளுக்குள் வாடிவிடும்" என்றார்கள்.

எனக்கு முதல் கோபம் அங்கேயே வந்தது. என் மனைவி இந்த நாட்டுக்கு வந்தது ஒரு நவம்பரில். மொழி தெரியாது, ஆள் தெரியாது. நான் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவேன். பகல் முழுக்க அவள் சமையலறை வெப்பக்குழாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் குளிர்காலத்தில் கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை கதவைத் தட்டினார், தாளிக்கிற வாசம் படிக்கட்டு வரை வருகிறது என்று சொல்வதற்கு. ஒற்றையாக இருந்தால் வாடிவிடும் என்று அவளைப் பார்த்து யாரும் சொல்லவில்லை. வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் தொலைபேசியில் என் பெயரைச் சொன்னதுமே மூன்று வீடுகள் 'ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது' ஆகின. அதே ஊர்தான் இன்று பூனைக்கு என் வீடு தகுதியானதா என்று பார்க்க ஆள் அனுப்புகிறது.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது அந்தக் கோபத்தால் அல்ல. அதை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தே தீர்த்திருப்பேன். வெளிநாட்டுக்காரன் பூனைக்கும் நாய்க்கும் செய்யும் ஆடம்பரம் என்று நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்களும் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான், திருமதி கெல்லர் மேசைமேல் வைத்த ஒப்பந்தத்தைப் படிக்கத் தொடங்கினேன். ஷுட்ஸ்ஃபெர்ட்ராக் என்று தலைப்பு. பாதுகாப்பு ஒப்பந்தம். அடிக்கக் கூடாது, கட்டிப்போடக் கூடாது, காப்பகத்தின் ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஏழாவது நிபந்தனையில் என் சிரிப்பு நின்றுபோனது. 'எந்தக் காலத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், இந்த விலங்கு இந்த வீட்டில் வாழ இயலாமல் போனால், நாங்கள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வோம்.'

இரண்டு தடவை படித்தேன். சொல் புரியாததால் அல்ல.

என் அக்கா ஸ்டெல்லாவைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பா, நான், பெரியப்பா, தேவாலயப் பங்கில் இரண்டு பெரியவர்கள் என்று வேன் பிடித்துப் போனோம். தளம் மொசைக் என்று அப்பா காலால் தேய்த்துப் பார்த்தார். மேலே இன்னொரு மாடி எழுப்ப அஸ்திவாரம் தாங்கும் என்றார் பெரியப்பா. பஜ்ஜி சாப்பிட்டோம், காப்பி குடித்தோம். அந்த வீட்டில் யாருக்குக் கோபம் வந்தால் யார் அடிவாங்குவார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தட்டை நீட்டும்போது மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். இப்போது நினைத்தால் அது தெரிகிறது. அன்று நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முதல்முறை திரும்பி வந்தது எட்டு மாதத்தில். கன்னம் வீங்கியிருந்தது. படியில் விழுந்துவிட்டேன் என்றாள். அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். இரண்டு நாளில் அப்பா கொண்டுபோய் விட்டுவந்தார். இரண்டாம் முறை மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. இந்தத் தடவை படியில் விழுந்ததாக அவள் சொல்லவில்லை. அப்பா பங்குச் சாமியாரை வீட்டுக்கு அழைத்துவந்தார். அவர் ஜெபம் செய்தார். "குடும்பம்னா நாலும் இருக்கும்மா. பொறுத்துப் போனா ஆண்டவர் வழி காட்டுவார்" என்றார். அக்கா மறுபடி பையைத் தூக்கினாள்.

அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. கருவாட்டைத் தின்றுவிட்டது என்று அப்பா அதைச் சாக்கில் கட்டி, மொபெட்டில் வைத்து, காங்கயம்பாளையம் தாண்டி விட்டுவந்தார். ஐந்தாம் நாள் காலை அது புறக்கடைக் கதவருகே நின்று கத்தியது. காலெல்லாம் சேறு. அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தன தூரம் வழி கண்டுபுடிச்சு வந்துபோட்டுதே! பாவம், அதுக்குப் பால் ஊத்து" என்று அம்மாவிடம் சொன்னார். நான் இதை இட்டுக்கட்டவில்லை. அந்தப் பூனைக்குப் பால் ஊற்றிய மனிதர்தான் அந்த ஆண்டுக் கடைசியில் அக்கா மூன்றாம் முறை வந்து நின்றபோது, வாசலை விட்டு அவளை உள்ளே கூப்பிடாமலே பேசினார்.

"கட்டிக் குடுத்துப்போட்டா அதுதான் அம்மணி உன்ற ஊடு. நாங்க ஊருக்குள்ள தல நிமுந்து நடக்க வேண்டாமா?"

"அப்பா, அவுரு என்னைக் கொன்னுபோடுவாருங்கப்பா."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆவாது. தம்பி கூட வருவான். போ."

தம்பி நான்தான். இருபத்திரண்டு வயது. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்தமாகச் சம்பாதிக்கிற, மீசை வைத்த ஆண்பிள்ளை. அக்காவின் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பல்லடத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. கண்டக்டர் டீ குடிக்கப் போனார். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"கண்ணு, இங்கயே எறங்கிக்கலாமா?"

"எறங்கி எங்கக்கா போறது?"

"எங்கியோ. நீ கூட வந்தீன்னா போதும்."

"அப்பா திட்டுவாருங்க்கா" என்றேன்.

இந்தச் சொற்களை விடக் கேவலமான ஒன்றை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை. கண்டக்டர் வந்தார், விசில் ஊதினார். தாராபுரத்தில் அவளை அந்த வீட்டு வாசலில் விட்டேன். மாமா என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த மாதம் அவன் அறைந்ததில் அக்காவுக்கு இடது காது கேட்காமல் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து அவள் வீட்டுக்கும் போகவில்லை, எங்களிடமும் வரவில்லை. கூடப் படித்த ஒருத்தியைப் பிடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்து, பெண்கள் விடுதியில் தங்கினாள். அப்பா நான்கு வருடம் அவளிடம் பேசவில்லை. அம்மா மட்டும் மாதம் ஒருமுறை சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இன்று அக்கா லைன் சூப்பர்வைசர். அவிநாசியில் சின்னதாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். எங்கள் தயவு ஒரு துளியும் இல்லாமல் எழுந்து நின்றவள் அவள்.

திருமதி கெல்லர் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கவில்லை. ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். என் அரைகுறை ஜெர்மனில், குரல் உயர்ந்துவிட்டது தெரியாமல், "என் அக்காவை அனுப்பியபோது இப்படி ஒரு தாள் கொடுக்கவில்லை" என்றேன்.

அவர் முகத்தில் உண்மையான கவலை வந்தது. "உங்கள் அக்காவும் இங்கே தத்தெடுத்தாரா? ஒப்பந்தம் இல்லாமலா கொடுத்தார்கள்? அது பெரிய தவறு. எந்தக் காப்பகம்? நீங்கள் புகார் செய்யலாம்."

என் மனைவிக்கு எல்லாம் புரிந்தது. அவள் என் தோளில் கை வைத்தாள். நான் அந்த நல்ல பெண்மணியிடமிருந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். எந்தக் காப்பகம் என்று கேட்டாரே, சொல்லியிருக்கலாம். அம்மா, அப்பா, பெரியப்பா, சாமியார், மீசை வைத்த ஒரு தம்பி, எல்லோரும் சேர்ந்து நடத்திய காப்பகம். சூலூரில் மட்டுமல்ல, எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு உண்டு. புகார்ப் பெட்டி மட்டும் எங்கும் கிடையாது.

திருமதி கெல்லர் போனதும் அக்காவை அழைத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். வீடியோவில் வந்தாலும் அவள் முகத்தைக் காட்டுவதில்லை; போனை வலது காதில் வைத்துக்கொள்வாள், எனக்கு அவள் கம்மலும் கூரையும்தான் தெரியும். ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பூனைக்குப் பத்தரமா? உங்கூருக்காரங்களுக்கு வேற வேல இல்லீங்களா?"

"அக்கா, ஏழாவதா ஒண்ணு எழுதியிருக்காங்க" என்று படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. நான் இருபது வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்குப் பல்லடத்துல நாம எறங்கியிருக்கோணும்க்கா."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. நீ இப்பச் சொல்றது உன்ற மனசு ஆறறதுக்கு. அதை எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்து வெக்கிற? நீயே வெச்சுக்க."

அவள் சொன்னது சரி என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அப்போது அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலை எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும்.

"அப்பாவா அது?"

"ஆமா. வந்து ஒரு மாசமாச்சு. அம்மா போனதுக்கப்பறம் தனியா இருக்க முடியலைன்னு பையத் தூக்கிட்டு வந்து நின்னாரு."

"நீங்க ஏனுங்க்கா சேத்துனீங்க?" கத்திவிட்டேன். கயல் அறையில் இருந்து எட்டிப் பார்த்தாள். "அவுரு உங்களை வாசல்லயே நிக்க வெச்சுத் தொரத்துனாரு!"

"நானும் அதைத்தான் நெனச்சேன். அரை நிமிசம் வாசல்லதான் நிக்க வெச்சேன். திரும்பிப் போங்கன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வரல. அப்படிச் சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமல்லோ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. சோறு போடறேன், அவ்வளவுதான். சரி, வெச்சுடட்டா? ரசம் பொங்குது."

நான் அதற்குப் பிறகும் கையில் போனோடு நின்றிருந்தேன். அப்பாவின்மேல் கோபம், அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு அக்காமேல் கோபம், அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்று என்மேல் கோபம். கோபம் ஆறியதும் எழுதலாம் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். ஆறவில்லை, அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருத்தி பையோடு வந்து நின்றிருக்கலாம். நீங்களும் பஸ் ஏற்றிவிட்டிருக்கலாம். அதற்குக் குடும்ப மானம், பொறுமை என்று என்ன பெயர் வைத்திருந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள்.

கம்பி வலை மாட்டி முடித்து, நேற்று இரண்டு குட்டிகளையும் கொண்டுவந்தோம். ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். கயல் அவற்றோடு ஜெர்மனில்தான் பேசுகிறாள். தமிழில் பேசினால் அவற்றுக்குப் புரியாதாம். டிசம்பரில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். நாங்கள் இல்லாதபோது குட்டிகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் பதிவாகியிருக்கின்றன. எங்களைப் பற்றித்தான் ஒன்றும் முடிவாகவில்லை. சூலூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அக்கா வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கோவை விமான நிலையத்தில் இருந்து டாக்சி கிளம்பினால் கொஞ்ச தூரத்தில் நீலாம்பூர் வந்துவிடும். அங்கே நேராகப் போனால் அவிநாசி, வலப்பக்கம் திரும்பினால் சூலூர். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏனுங்க, நேரா உடறதுங்களா, திருப்பறதுங்களா?" என்று கேட்பார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். பெட்டிகளோடு பின்சீட்டில் உட்கார்ந்து நான் அவருக்குச் சொல்ல ஒரு முகவரியைத் தேடிக்கொண்டிருப்பேன்.