அப்பாவின் தோளில் நான்கு விரல்கள்

படத்தின் அளவைக் கூட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி கணினித் திரையில் திறந்தாலே எனக்குக் கோபம் வரும். அகலம், உயரம், ரெசொலூஷன் என்று மூன்று கட்டங்கள். எந்த எண்ணைக் கொடுத்தாலும் மறுக்காது. முத்திரை அளவுப் படத்தைச் சுவர் அளவாக்கு என்றாலும் ஆக்கித் தந்துவிடும். முடியாது என்று சொல்லத் தெரியாத பிறவி. மட்டக்களப்பு டவுனில் ஓர் அச்சகத்தில் கலியாணக் கார்டும் அஞ்சலி நோட்டீசும் வடிவமைத்த காலத்தில், அதற்குப் பதிலாக நான்தான் வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தில் இல்லாத புள்ளிகளை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணினி தானாக இட்டுக்கட்டி நிரப்பும். படம் பெரிதாகும், தெளிவாகாது என்பேன். சினிமாவில் ஒரு பொத்தானைத் தட்டியதும் கள்ளனின் முகம் தெளிவதைப் பார்த்தவர்கள், நான் வேலை செய்யப் பஞ்சிப்பட்டுச் சொல்வதாக நினைத்தார்கள்.

சுனாமி எங்கள் கல்லடி வீட்டோடு அப்பாவையும் கொண்டுபோயிற்று. அவரை மூன்றாம் நாள் கண்டெடுத்தோம். பட அல்பங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. கிரானில் சித்தி வீட்டு அலுமாரியில் மட்டும் ஒரு படம் இருந்தது. சித்தி புதுவீடு குடிபுகுந்த அன்று எடுத்தது. வெள்ளைச் சட்டையோடு அப்பா நிற்கிறார். பக்கத்தில் என் தம்பி. அப்பாவை விட உயர்ந்துவிட்ட பெருமையில், புளுகத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தோளில் போட்டிருக்கிறான். அப்பாவின் சட்டையில் அவனுடைய நான்கு விரல்களும் தெரிகின்றன.

முப்பத்தோராம் நாளுக்கு அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சூட்ட வேண்டும். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாலை போடுகிற படத்தில் உயிரோடிருப்பவர் நிற்கக் கூடாது. கூட நின்றவரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மாலை அவருக்கும் சேர்ந்துவிடும் என்று பயம். அந்த மாதம் கரையோரம் முழுக்க இதே வேலைதான். நாங்கள் போன காத்தான்குடி ஸ்டூடியோவில் கலியாணப் படங்களிலிருந்தும் பள்ளிக்கூடப் படங்களிலிருந்தும் இறந்தவர்களைத் தனியே பிரித்தெடுத்தபடி இருந்தார் நாங்கள் நானா என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் கடைக்காரர்.

எங்கள் படத்தை நல்ல பெரிதாக ஸ்கேன் செய்தார். கட்டாரில் இருந்த சித்தப்பா எந்தப் படம் என்று பார்க்க ஆசைப்பட்டதால், வெட்டுவதற்கு முன் முழுப் படத்தையும் ஒரு சின்னக் கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்பினார். அப்போதைய லைனில் பெரிய படம் போகாது. பிறகு தம்பியை வெட்டினார். வெட்டியும் அந்த விரல்கள் அப்பாவின் தோளில் கிடந்தன.

அம்மா அதைப் பார்த்ததும் பதறினாள்.

“அவன்ட கையையும் எடுத்திருங்க நானா. உசிரோட இரிக்கிற புள்ளைட கை.”

எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு விரலாக அழித்துச் சட்டைத் துணியை வரைய வேண்டும், நேரம் எடுக்கும் என்றார் நானா. வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். தம்பிதான் முடித்துவைத்தான்.

“கிடக்கட்டும் அம்மா. அப்பாக்கும் பிடிச்சிக்கிட்டு நிக்க ஒரு ஆள் வேணும்தானே.”

அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை. விரல்தானே, முகம் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பழைய படத்தைக் கத்தரிக்கோலால் இரண்டாக்கினாள். அப்பாவின் பாதி முப்பத்தொன்றன்று படையலோடு வாவியில் போயிற்று. தன் பாதியைத் தம்பி பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு, இனி எவனும் என்னை வெட்ட ஏலாது என்று பகிடி விட்டான்.

போர் மீண்டும் இறுகிய நாட்களில் ஒரு காலை, கிரானுக்கு வயல் வேலைக்கென்று போனவன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள், இன்றுவரை தெரியாது. பேர்ஸும் அடையாள அட்டையும் அவனோடே போயின. அட்டைக்குப் படம் எடுத்த கடை மூடியிருந்தது. காத்தான்குடி நானாவின் கணினி பழுதாகி, அதிலிருந்ததெல்லாம் போய்விட்டது. சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் படம் எடுக்கும் மனம் யாருக்கும் இருக்கவில்லை. அவன் எங்கள் கண்முன்னே வளர்ந்தான், சிரித்தான், சாப்பிட்டான். ஒரு படம் எடுக்கத் தோன்றவில்லை.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன கிழமையில், வவுனியா முகாம்களில் காணாமல்போன ஆட்களைத் தேடலாமாம் என்று கதை வந்தது. படம் இருந்தால்தான் கேட்டுப் பார்க்கலாமாம். அம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டாள்.

சித்தப்பாவின் பழைய மின்னஞ்சலில் அந்தச் சின்னக் கோப்பு அழியாமல் கிடந்தது. அதில் தம்பியின் முகம் ஒரு மிளகளவு. கண்ணென்று இரண்டு கறுப்புப் புள்ளிகள். ஊருக்கெல்லாம் முடியாது என்று சொன்னவள், நானே அந்தப் பெட்டியைத் திறந்தேன். அகலத்தைக் கூட்டினேன். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. மெதுமெதுவாகக் கூட்டினால் சரிவரும் என்று யாரோ சொன்னது நினைவு வர, அப்படியும் செய்தேன். சதுரங்கள் போய்ப் புகையாயிற்று. கூர்மையாக்கினேன். புகைக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. மூக்கும் வாயும் இருந்த முகம்தான். அம்மா திரைக்குக் கிட்டே குனிந்து நிறைய நேரம் பார்த்தாள்.

“இது ஆரு புள்ள?” என்றாள்.

நான் கணினியை நிறுத்திவிட்டு அழுதேன். முதலாளி எழுந்து வெளியே போய் நின்றார்.

அடுத்த நாள் அம்மா மறுபடி வந்தாள். சேலையில் சுற்றி அப்பாவின் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். மாலையைக் கழற்றியிருந்தாள். தோளில் விரலை வைத்துக் காட்டினாள். தம்பியின் நடுவிரல் நகம் கொஞ்சம் கோணல். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, திரும்பி அப்படித்தான் முளைத்தது.

“இதப் பெரிசாக்கித் தா. முகாமில கைய நீட்டச் சொல்லிப் பாத்தா அவன் ஆரெண்டு தெரியும்.”

யாரும் விரலைப் பார்த்து ஆளைத் தேட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சட்டத்தைப் பிரித்து, ஸ்கேனர் தாங்குகிற உச்ச ரெசொலூஷனில் அந்தத் தோளை எடுத்தேன். பெரிதாகப் பிரதி எடுத்த படமல்லவா, விரல்கள் உடையாமல் வந்தன. நகத்தின் கோணல் வந்தது. ஒரு தாள் நிறைய அச்சிட்டுக் கொடுத்தேன். வவுனியாவில் மற்றத் தாய்மார் முகங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசையில், என் அம்மா அந்த நான்கு விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவலில் நின்றவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தான். நாங்கள் பஸ் ஏறி வந்தோம்.

வீட்டில் அப்பாவை மறுபடி ஆணியில் மாட்டினேன். மாலையை எடுக்கப் போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடிருக்கிற பிள்ளையின் கை இருக்கிற படத்துக்கு மாலை போடக் கூடாது என்றாள்.

அப்பாவின் படத்துக்கு இன்றும் மாலை இல்லை.