முதுகில் கட்டும் கவசம்

ஜெகதளாவில் என் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் நாச்சிமுத்து. தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி அம்சவேணி போய்ச் சேர்ந்தபின் ஒண்டியாள், மகள் சென்னையில். ஒரு வாய் காப்பிக்குக் கூப்பிட்டால்கூட, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று படியேறிவிடுவார். சரியான அழுத்தக்காரர்!

ரோட்டை அகலப்படுத்தத் தோண்டியபோது ஆதிகாலத்துப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. அன்று இவருக்குப் பிடித்தது கவசப் பைத்தியம். கிடைத்ததெல்லாம் ஒரு பானை மூடியும் துருப்பிடித்த சில இரும்புத் தகடுகளும்தான். மூடியின் மேல் மண்ணால் செய்த சின்னக் குதிரை, அதன்மேல் ஒரு வீரன். அதிகாரிகள் எடுத்துப் போவதற்குள் இவர் போனில் படம் பிடித்துவிட்டார். வீரனின் உடம்பெல்லாம், குதிரையின் நெஞ்சிலும்கூட, மீன் செதில் மாதிரி கோடுகள். தகடுகளின் ஓரத்தில் கயிறு கோக்கிற மாதிரி ஓட்டைகள்.

"கவசமுங்க! அப்படியே செஞ்சு போட்டுப் பாத்துரோணும்" என்று என் கடையின் காலி எண்ணெய் டின்களை அள்ளிக்கொண்டு போனார். வயசான காலத்தில் எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவலையுங்க."

குதிரையின் நெஞ்சுக் கவசம் முதலில் முடிந்தது. பஜாரில் திரியும் குதிரை ஒன்றுக்குக் கேரட் கொடுத்து, கட்டியும் பார்த்தார். அது கவசத்தோடு குப்பைத்தொட்டியை மேய்ந்தது. ஊரே சிரித்தது. வீரனின் கவசம்தான் படுத்தி எடுத்தது. படத்தில் அவன் நெஞ்சிலும் விலாவிலும் இணைப்பே இல்லை. முதுகு மட்டும் உடைந்து போயிருந்தது. ஆகவே முடிச்சு முதுகில்தான் இருந்திருக்க வேண்டும். குதிரைக்குக் கட்டிவிட இவர் இருந்தார். இவருக்கு யார்?

மாசக்கணக்காக மாடியில் தகரச் சத்தம். தானே கட்டிக்கொள்ள, முதுகுக் கயிற்றைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்ததில் தோள் சுளுக்கிக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, கீழ நானொருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கறனே, கூப்பிட்டா வாயில இருக்கற முத்தா உதுந்துரும்? இல்லீன்னா முன்னாடி முடிச்சு வெச்சுக்க வேண்டியதுதானுங்க!"

"அது பொய்யாயிருமுங்க. ஒண்டியா போட்டுக்கறதுக்கு வாகா நானா மாத்தினா, அது அவனோட கவசமில்லீங்களே."

நான் கத்தியது உறைத்ததோ என்னவோ, மறுநாள் மத்தியானம், மழைச் சத்தத்துக்கு நடுவே மாடியிலிருந்து குரல் வந்தது. "சுப்பண்ணா, ஒரு முடிச்சுப் போட்டு விடறீங்களா?"

ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். கவசம் தோளில் தொங்க, முதுகைக் காட்டி நின்றார். ஒவ்வொரு கயிறாக இழுத்துக் கட்டினேன். கடிவாளம் பிடிப்பதுபோல் கையை நீட்டினார், குனிந்தார், திரும்பினார். ஒரு தகடுகூட விலகவில்லை.

"அச்சுல வார்த்தாட்டம் பொருந்துதுங்க!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படின்னா, அந்த ஆளுக்குப் பக்கத்துல யாரோ ஒருத்தரு இருந்திருக்கறாங்க" என்றார். சொல்லிவிட்டு அழுதுவிட்டார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், "கழட்டி விட்டுரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க" என்றார் அவசரமாக. "கழட்டினா நீங்க கீழ போயிருவீங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.