சிங்கத்துக்கு ஆறு வாரம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் புல் வெட்டும் கூட்டத்தில் இருந்தவள் ராக்காயி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடிவிட்டால் அவளுக்கு வாய் திறக்காது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது அவள் சொல்லும் 'ஐயா' பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. யார் வீட்டு ஆடு யார் கீரையை மேய்ந்தது என்று அவள் கண்ணுக்குத் தெரியும், சொல்லத்தான் மாட்டாள். மனம்விட்டுப் பேசுவதெல்லாம் அவள் நாய் சிங்கத்திடம்தான்.

1978-இல் சிங்கத்துக்குச் சொறி பிடித்தது. காது நுனியில் தொடங்கி முழங்கால், வயிறு என்று மயிர் கொட்டி, ஒரு மாதத்தில் உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்துக்காரரான பஞ்சலிங்கம், பெரட்டில் அறிவித்தார்.

"லயத்துப் பிள்ளையளும் இப்ப சொறியுதுகள். மயிர் கொட்டின நாயளின்ர பேரை நான் வீடு வீடாய் வந்து எழுதுவன். மாசக் கடைசியில சுட ஆள் வரும்."

ராக்காயி அன்று புல் வெட்டிக்கொண்டே அழுதாள்.

"இதுக்குப் போயி அழுவுறியேலா" என்றான் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அவள் புருஷன் சன்னாசி. தோட்டத்து லோரியில் கழித்த கறுப்பு எண்ணெயை வாங்கிவந்து சிங்கத்துக்குப் பூசினான். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் செய்வது அதுதான். சிங்கம் அதை நக்கி இரண்டு நாள் வாந்தி எடுத்தது.

அவள் சவுக்காரம் போட்டு எண்ணெயைக் கழுவிவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். மருந்து கொடுக்கும் டிரசர் உடையப்பன் அவள் நிற்பதை அரைமணி நேரம் பார்த்தார்.

"என்னம்மா, மருந்துக்கு வந்தியா, தூண் விழுந்துறாம புடிச்சிக்க வந்தியா?"

"நாய்க்கு..." என்றாள்.

முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: "கறுப்பு எண்ணெ விஷம், இனிமே தொடாதே. இது தோலுக்குள்ள குடியிருக்கிற பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. நல்லாக் குளிப்பாட்டி, காஞ்சதும் கந்தகத்தூளத் தேங்காயெண்ணெயில குழைச்சித் தடவு. காயிற வரைக்கும் நக்க வுடாதே. வாரம் ஒருக்கா, ஆறு வாரம். மயிர் மொளைச்சிருச்சேன்னு நடுவுல நிறுத்தாதே. படுக்கிற சாக்கைக் கொதிக்கிற தண்ணியில போடு. இல்லாட்டி நீ எடுக்கிற பூச்சியச் சாக்கு திருப்பிக் குடுத்துரும்."

இலை நோய்க்கு ரப்பர் மரங்களில் தூவும் கந்தகம் ஸ்டோரில் இருந்தது. டிரசர் சொல்லி ஒரு பால் டின் அளவு கிடைத்தது. குளிப்பாட்டும் தண்ணீரில் வேப்பிலை போடுவது மட்டும் ராக்காயியின் சொந்த யோசனை. கீழே வைத்தால் ஆடு தின்றுவிடும் என்று வேப்பங்கொத்துகளை வாசல் நிலையில் உயரக் கட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை கிராணி புத்தகத்தோடு வந்தார். நிலையில் வேப்பிலை. வாசற்படியில் மஞ்சளாக ஏதோ தூள். அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அம்மாள் வருத்தமோ? சரி, சரி, நான் பிறகு வாறன்" என்று மளமளவென்று திரும்பினார்.

கதவுக்குப் பின்னால் ராக்காயி மஞ்சள் பூத்த சிங்கத்தின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வாயைத் திறந்தால்தானே பொய்!

அம்மை கண்ட வீடென்று திங்கட்கிழமை புருஷன் பெண்டாட்டி இருவரையும் பெரட்டிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு முத்தம்மா இரண்டு இளநீரை எட்ட வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள். சன்னாசி நாலு நாள் சுகமாகத் தூங்கினான். இரண்டு வாரம் கழிந்தபோது அவனால் முடியவில்லை.

"ஒடம்புல ஒரு கொப்புளம் இல்ல, எனக்கு அம்மையாம்! நான் பால் வெட்டுற மரத்தையெல்லாம் அந்தப் பத்துமலைப் பய வெட்டுறான்டி. அவன் கை பட்டா மரம் பொழைக்குமா? நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் சொன்னால் கோபத்தில் சிங்கத்தையும் சேர்த்து ஒப்படைத்துவிடுவான். மறுநாள் விடியலில் ராக்காயி சிங்கத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

"அம்மையில்லீங்க ஐயா. வேப்பிலை நாய்க்குங்க. மஞ்சளா இருந்தது கந்தகம்."

களமே சிரித்தது. கிராணியின் முகம் சிவந்தது. "அப்ப என்னை ஏமாத்தினனீரோ?"

"நீங்களே கேட்டீங்க, நீங்களே போயிட்டீங்க. நான் எங்கங்க பேசுனேன்?"

கிராணி குனிந்து பென்சில் முனையால் சிங்கத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பூனைக்குட்டிக்குப் போல மெல்லிய மயிர் எங்கும் முளைத்திருந்தது. புண் ஆறியிருந்தது. 

"எத்தினை கிழமை போட்டனீர்?"

"மூணு வாரங்க. இன்னும் மூணு இருக்கு."

அவர் புத்தகத்தை மூடினார். "சுடுற ஆள் இப்ப வேண்டாம். எல்லா நாய்க்கும் இதையே போடுங்கோ. ஆறு கிழமையில வந்து பாப்பன்."

கூட்டம் கலைந்ததும் கிராணி அவளைத் தனியே கூப்பிட்டார். குரல் அவளுடைய 'ஐயா'வைவிடச் சின்னதாக இருந்தது.

"என்ர மனுசி செல்லாச்சியின்ர நாயும் சொறியுது, பிள்ளை. பேரை நான் எழுதேல்லை. பின்னேரம் ஒருக்கா வாரும்."

"வாரேங்க. அது படுக்கிற சாக்கையும் கொதிக்க வைக்கணும்."

"சாக்கோ? அது எங்கட மெத்தையிலயெல்லோ படுக்கிறது!"

ராக்காயி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப பெரிய அண்டாவா எடுத்து வைக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள்.