எண் கிடைக்காத வெள்ளி

குலம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஜெர்மனியின் டோட்முண்ட் நாணயச் சந்தையில் ஒரு வியாபாரியோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தேன். அண்ணையின் மகள் மாதங்கி அழைத்தாள். "அன்ரி, அப்பா மோசம் போயிட்டார்" என்றாள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்தான், ஆனால் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். கையிலிருந்த காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. அந்த வியாபாரி சொன்ன விலையை அண்ணையிடம் சொல்லிச் சிரிக்க வேண்டுமென்று நினைத்திருந்தேன்.

ஹம் நகரில் பேருந்து ஓட்டிய குலசிங்கத்தை ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலில், உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். வெள்ளி நாணயம் சேர்க்கும் எங்கள் சிறிய குழுவுக்கு அவர் பெரிய வாய்க்காரர். ஜெர்மன் அரசு வெளியிடும் புதிய நினைவு நாணயங்கள் என்றால் அவருக்கு உயிர். உறை பிரித்ததும் யன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தேத்தண்ணி ஆறிப்போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவுக்கு ஒரு மோகம் பிடித்தது. தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு நாணயத்தை அனுப்பினால், எழுபதுக்கு இவ்வளவு என்று எண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். எண் உயர்ந்தால் விலையும் உயரும் என்று பேச்சு. குழுவிலுள்ள செல்வன் தன் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து அண்ணையும் தனக்கு மிகப் பிடித்த மூன்றை அனுப்பினார். மூன்றும் பெட்டியில் அடைபட்டு, ஆனால் எண் இல்லாமல் திரும்பி வந்தன. 'துடைக்கப்பட்டது' என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தது; துடைத்த காசுக்கு அவர்கள் எண் போடமாட்டார்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவர் அந்தக் காசுகளை லட்சுமிக்குப் படைக்கும் தட்டில் வைப்பது வழக்கம். வைக்குமுன், வீட்டிலுள்ள வெள்ளிச் சிமிழைத் துலக்குவதுபோலவே திருநீறு போட்டுத் தேய்ப்பார். வெறுங்கண்ணுக்குப் பளபளப்பு, உருப்பெருக்கியின் கீழே முழுவதும் கீறல்.

குழு விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த சந்திப்புக்கு அவர் அந்த மூன்று பெட்டிகளையும் கொண்டுவந்து மேசை நடுவில் அடுக்கினார்.

"துடைச்சது எண்டு எழுதியிருக்கிறாங்கள். ஓம், துடைச்சனான். சாமிக்கு வைக்கிறதை ஊத்தையோட வைக்க ஏலுமோ?"

"புதுக் காசில என்ன அண்ணை ஊத்தை?" என்றான் செல்வன்.

"அப்ப புதுக் காசில என்ன தரம் பாக்கக் கிடக்கு?"



அண்ணை சும்மா அடம்பிடித்தவர் அல்ல. பழைய, அரிய காசு என்றால் அனுப்பச் சொல்வார். போலிகள் உலாவுகின்றன, அங்கே சான்று வேண்டும். ஆலையிலிருந்து உறையோடு இறங்கும் புதுக் காசுகளோ பெரும்பாலும் உயர்ந்த எண்தான் வாங்கும். எல்லோரிடமும் இருக்கும் எண்ணுக்கு யார் அள்ளிக்கொடுப்பார்கள்? கட்டணம், தபால், காப்புறுதி என்று போவதுதான் மிச்சம். "விக்கிறதுக்கு வாங்கினால் கணக்குப் பாத்து அனுப்புங்கோ. பாக்கிறதுக்கு வாங்கினால் பாருங்கோ" என்பார்.

ஒருமுறை நான் தத்துவம் பேசப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் அவர் கணித ஆசிரியர். இங்கே அவருடைய சான்றிதழ் செல்லவில்லை. அந்தக் கோபத்தைத்தானே தரம் பார்ப்பவர்கள்மேல் காட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "சும்மா கதை கட்டாதேங்கோ, தங்கச்சி. பஸ் ஓட்டினது எனக்குப் பிடிச்சுத்தான். ஆரின்ரை இரக்கமும் எனக்குத் தேவையில்லை" என்றார். அந்த ஆண்டு நவராத்திரிக்கும் மற்றக் காசுகளைத் திருநீறு போட்டுத் தேய்த்தார். இம்முறை கீறல் விழும் என்று தெரிந்தே தேய்த்தார்.

அண்ணையின் வீட்டில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்தபின், செல்வன் நல்ல மனதோடுதான் அவருடைய காசுகளைப் பற்றிப் பேச்செடுத்தான். தேய்க்காத காசுகளைப் பிரித்துத் தரம் பார்க்க அனுப்பலாம், மற்றவற்றை உருக்கும் விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றான். "அண்ணை பாவம், தெரியாமல் பழுதாக்கிப்போட்டார்" என்று முடித்தான்.

மாதங்கி என்னைப் பார்த்தாள். "அன்ரி, அப்பா பழுதாக்கினவரோ?"

அவள் விலையைக் கேட்கவில்லை. தன் தகப்பன் ஏமாளியா என்று கேட்டாள்.

"முதல் தெரியாமல் தேய்ச்சவர். பிறகு தெரிஞ்சுகொண்டு தேய்ச்சவர். உங்கட அப்பாவுக்கு அந்தக் காசு எதுக்கெண்டு தெரியும், பிள்ளை. பெட்டிக்குள்ள கிடக்கிறதுக்கில்லை."

அவள் எழுந்துபோய் அந்த மூன்று பெட்டிகளையும் எடுத்துவந்தாள். நிலவறையிலிருந்து சுத்தியலும் வந்தது. செல்வன் "ஐயோ, பிள்ளை" என்று எழும்பினான். அவள் நிறுத்தவில்லை. மூன்றையும் உடைத்து, ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

காசை விளிம்பில் மட்டும் பிடித்துப் பழகிய விரல்கள் என்னுடையவை. அன்று அதை உள்ளங்கையில் வாங்கிப் பொத்திக்கொண்டேன்.

குலம் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காசும் அவருடைய அடங்காத வாயும். அதை உறையில்லாமல்தான் வைத்திருக்கிறேன். சந்தையில் வியாபாரிகள் அதன் எண்ணைக் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். அனுப்பிப் பார்க்கலாமே என்கிறார்கள். அனுப்பிப் பார்த்தாயிற்று, அவர்களுக்குத் தெரியவில்லை என்கிறேன்.