பிரியாத ஜோடி

என் தம்பி பிறந்து நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை. பால் குடித்து முடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடுவான். கண்கள் ஓரத்தில் லேசாக மேலேறியிருக்கும். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. திண்டுக்கல் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். அங்கே ரத்தம் எடுத்துச் சோதித்து, இருபத்தோராவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது, மருந்தால் மாற்ற முடியாது, பொறுமையாக வளர்க்க வேண்டும் என்று சொன்னார்கள்.

அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றி அனுப்புபவர். லாரியில் ஒரு தக்காளிப் பெட்டி கூடினால் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிடுவார். பிள்ளையின் உடம்பில் ஒன்று கூடியது எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பாவை வரச் சொன்னார். சித்தப்பா ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துபவர். அப்பா வீட்டில் படித்தவர் என்றால் அவர் ஒருவர்தான். அவர்கள் இருவருக்கும் மூத்தவரான அத்தை, கூப்பிடாமலேயே அகரத்திலிருந்து வந்திருந்தார்.

சித்தப்பா என் வெள்ளை சாக்ஸையும் அப்பாவின் கறுப்பு சாக்ஸையும் கொண்டுவரச் சொன்னார். சாக்பீஸால் தரையில் பெரிய வட்டம் போட்டார். ஒரு வெள்ளைக்கு ஒரு கறுப்பு என்று ஜோடியாக அடுக்கினார். ஒன்று தாயிடமிருந்து வந்தது, ஒன்று தகப்பனிடமிருந்து வந்தது என்றார். முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இந்த ஜோடிகள் முதலில் ஒட்டிப் படுக்கும், தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும், பிறகு நடுவில் வரிசையாக நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் இழைகள் பிடித்து இழுக்க, ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஒவ்வொன்றும் ஏற்கெனவே நகலெடுத்து இரட்டையாகத்தான் இருக்கும். அடுத்த பகுப்பில் அந்த நகல்களும் பிரியும். கடைசியில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றுதான் மிஞ்சும்.

பிறகு ஒரு ஜோடியை மட்டும் பிரிக்காமல் சேர்த்தே ஒரு பக்கம் தள்ளினார். இந்த இரண்டோடு மற்றவரிடமிருந்து வரும் ஒன்றும் சேர, இப்படித்தான் மூன்றாகிறது என்றார். நான் கை தட்டினேன். அப்பா என்னை முறைத்தார்.

அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏப்பா, இந்தப் பிரியாமப் போறது ஆம்பளகிட்டயா, பொம்பளகிட்டயா?”

“பெரும்பாலும் பொம்பளகிட்டதான்க்கா. முட்டை உண்டாகும்போது.”

அத்தை அப்பாவைப் பார்த்தார். எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததே இல்லை என்று மெதுவாகச் சொன்னார்.

அடுப்படி வாசலில் அம்மா தம்பிக்குச் சங்கில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“ஆம்பளகிட்டயும் நடக்குமா?”

“நடக்கும். ரொம்பக் கம்மி.”

“இவனுக்கு யாருகிட்டருந்து வந்துச்சுன்னு பாக்க முடியுமா?”

“மூணு பேரு ரத்தத்தையும் சோதிச்சா தெரியும்.”

“அப்ப பாத்துருவோம்.”

சித்தப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா சாக்பீஸ் வட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க” என்றார் சித்தப்பா.

அத்துடன் பேச்சு முடிந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் விசேஷங்களுக்கு அப்பாவை மட்டும் அழைத்தார்கள். மார்க்கெட்டில் வேலை அதிகம் என்று அப்பா ஒட்டன்சத்திரத்திலேயே அறை எடுத்துத் தங்கினார். முதலில் சனிக்கிழமைகளில் வருவார். பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தார். தம்பி முதல் அடி எடுத்து வைத்தபோது அவனுக்கு மூன்று வயது. அம்மா போன் போட்டுச் சொன்னாள். லோடு ஏறிக்கொண்டிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்றார். பேசவில்லை.

ப்ளஸ் டூவில் அந்தப் பாடம் எனக்கும் வந்தது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகளில் முதல் பகுப்பு தொடங்கிவிடுகிறது. ஜோடிகள் ஒட்டிய நிலையில் அது அப்படியே நின்றுபோகிறது. அவள் பிறந்து, வளர்ந்து, ஆளாகி, முட்டை முதிரும்போதுதான் நின்ற இடத்திலிருந்து தொடர்கிறது. அத்தனை வருடம் ஒட்டிக் கிடந்ததில் ஒரு ஜோடி சரியாகப் பிரியாமல் போகலாம். அவள் செய்ததாலோ செய்யாததாலோ வருவதல்ல. பாடப்புத்தகத்தில் அது ஒரு சின்னப் பத்தி. சித்தப்பா வருடா வருடம் அந்தப் பத்தியை நடத்திக்கொண்டிருந்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாதான் எல்லோருக்கும் சோறு போட்டாள். சித்தப்பா கறிக்குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, ரொம்ப நல்லாயிருக்கு என்றார். அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். எங்கள் குடும்பத்திலேயே பெரிய அறிவாளி பாராட்டும்போது ஒரு வார்த்தை பதில் சொல்லக்கூடவா இவளுக்குத் தெரியாது என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.