கடித்தவர் சௌக்கியமா?

நாய்க்கடி ஊசி அறையில் கடிபட்டவரைவிடக் கடித்தவரின் உடம்பைத்தான் அதிகம் விசாரிப்போம். தொண்ணூறுகளில் நான் நர்ஸாக இருந்த கல்கத்தா ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. பத்தாம் நாளும் நாய் திடமாக இருந்தால் கடைசி நாலும் தள்ளுபடி. அந்த நாலு ஊசிக்குத் தப்ப மனுஷன் என்னவெல்லாம் செய்வான் என்று, என்னைப்போல் அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

மீன் தலை

பெஹாலாவிலிருந்து வந்த தத்தா பாபுவுக்கு ஊசியைப் பார்த்தாலே கண்ணை இருட்டிவிடும். தெருநாய் கணுக்காலைக் கவ்வியிருந்தது. "பத்து நாள் நாயைக் கவனியுங்கள்" என்றேன். அந்த மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் பால், மத்தியானம் ரோஹு மீனின் தலை, மழை வந்தால் குடை. நாலாம் நாள் முகம் வாடி வந்தார். நாய் ஒரு தரம் தும்மிவிட்டதாம்.

கூட வந்த அவர் மனைவி என் காதில் சொன்னார்: "தீதி, இவரை நானே கடிச்சிருந்தா அந்த மீன் தலை எனக்குக் கிடைச்சிருக்கும்."

வருகைப் பதிவேடு

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் சங்கரனுக்கு வேறு சிக்கல். யார்டில் பதினோரு நாய்கள், எல்லாம் ஒரே பழுப்பு. ஓடிய ஓட்டத்தில், கடித்தது எது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே பதினொன்றையும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, நம்பர் கொடுத்து, தினம் ஆஜர் எடுத்தார். சட்டையைத் தூக்குமுன் நோட்டை நீட்டுவார். ஒருநாள் ஒரு கட்டத்தில் பாதிதான் நிரம்பியிருந்தது. நாய்க்கு என்ன ஆச்சு என்று பதறிக் கேட்டேன். அவர் அசரவில்லை.

"ஏழாம் நம்பர் மத்தியானந்தான் வந்துச்சு சிஸ்டர். அரைநாள் லீவு போட்டுட்டேன்."

சாட்சி

பத்தாம் நாள் வந்தது. வாய்ச்சொல்லை டாக்டர் நம்பாவிட்டால் என்ன செய்வது என்று தத்தா பாபு நாயையே டாக்ஸியில் ஏற்றி வந்துவிட்டார். கழுத்தில் சாமந்தி மாலை வேறு. அறையில் காத்திருந்தவர்கள் ஏற்கெனவே கடிபட்டவர்கள் அல்லவா, எல்லாரும் பெஞ்சுமேல் ஏறிக்கொண்டார்கள். டாக்டர் எட்ட நின்று பார்த்து, மீதி ஊசி வேண்டாம் என்று சீட்டில் எழுதினார். தத்தா பாபு கண்கலங்கிவிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து நாயின் தலையைத் தடவினேன். மணிக்கட்டைக் கவ்வியது.

சோப்புப் போட்டுக் கழுவி, முதல் ஊசியையும் வாங்கிக்கொண்டேன். தத்தா பாபு பக்கத்திலேயே நின்றார். "கவலைப்படாதீங்க தீதி, இன்னும் பத்து நாள் நானே கண்ணுங்கருத்துமா பாத்துக்கறேன்" என்றார்.

அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்: "அப்போ இன்னும் பத்து நாளைக்கும் மீன் தலை அதுக்குத்தானா?"

என் சர்வீஸில் எத்தனையோ நோயாளிகளுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்தப் பத்து நாளும் அந்த நாய்க்காக வேண்டிக்கொண்ட மாதிரி வேறு யாருக்காகவும் வேண்டிக்கொண்டதில்லை.