பாரிஸ் பேராசிரியருக்குப் படையல்

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தில் லிஃப்ற் மூன்று, ஓடுவது ஒன்று. அந்த ஒன்றுக்காகக் காத்து நின்றபோதுதான் முதியோர் கழகச் செயலாளர் என்னைப் பிடித்தார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். இங்கே யார் செத்தாலும் நினைவஞ்சலி அச்சடிப்பது அவர் பொறுப்பு. ஊரில் யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு ஓய்வே கிடையாது.

"மாஸ்ரர், இந்த மாதம் நீங்கள்தான் பேச்சு. ஆரைப் பற்றி?"

சமூகவியலை ஒரு துறையாக நிலைநிறுத்திய பிரெஞ்சுப் பேராசிரியரைப் பற்றி என்றேன். மதகுருமார் பரம்பரையில் பிறந்து அந்த வழியை விட்டவர் என்றும் சொன்னேன்.

"ஆள் இருக்கிறாரோ?"

"மோசம் போய் எத்தனையோ வருஷம்."

"படம் கிடக்கோ?"

நூலகப் புத்தகத்திலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

முப்பது வருடம் படிப்பித்தவன் நான். கனடாவுக்கு வந்த பிறகு என் மருமகன்கூட என்னை இரண்டு வசனத்துக்கு மேல் பேச விட்டதில்லை. ஒரு மணி நேரம் யாராவது நான் சொல்வதைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே.

அந்தப் பேராசிரியர் மேல் எனக்குத் தனி அபிமானம் உண்டு. அவரும் என்னைப் போல எதையும் எண்ணிக் கணக்கெடுக்கிறவர். தற்கொலை அவனவன் சொந்தத் துக்கம் என்று உலகம் நினைத்திருந்தபோது, நாடு நாடாக, மதம் மதமாக, மணமானவர் மணமாகாதவர் என்று எண்ணிப் பார்த்து, அதில் சமூகத்துக்கும் கை இருக்கிறது என்று காட்டினார். மனிதர் கூடிக் கும்பிடும்போது உண்மையில் கும்பிடுவது தங்கள் கூட்டத்தின் பலத்தையே என்றும் சொன்னார். இதை நாற்பதாவது நிமிடத்தில் வெளியிடுவதாக இருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் கீழ்த்தள மண்டபத்துக்குப் போனேன். பேராசிரியர் மாலையோடு இருந்தார். நெற்றியில் சந்தனம். தீ அலாரத்துக்குப் பயந்து பற்றரி விளக்கு. முன்னால் வாழையிலையில் வடையும் மரக்கறி ரோல்ஸும். நோட்டீசில் அவர் பெயருக்கு முன் 'அமரர்'. அடியில் 'ஆறாத் துயருடன் முதியோர் கழகத்தினர்'.

"ஐசே, என்ன இது?"

"செத்த ஆள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதுவும் ஐயர் வீட்டுப் பிள்ளை. சும்மா படத்தை வைச்சுக் கதைக்கேலுமோ?"

அகவணக்கம், பதிகம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. அறிமுகவுரை செய்தவர், "அன்னார் பழகுவதற்கு இனியவர்" என்றார். ஆறு மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். எனக்கு மிஞ்சியது ஒன்பது நிமிடம். அதில் மூன்றை மைக் தின்றது.

நேராக நாற்பதாவது நிமிடத்துக்குப் பாய்ந்தேன். "நாங்கள் கும்பிடுவது எங்களைத்தான்" என்றேன். யாரும் கோபிக்கவில்லை. கேட்டால்தானே கோபிப்பதற்கு? கண்ணெல்லாம் வடையில் இருந்தது.

முன்வரிசை அன்ரி ஒருவர் கை தூக்கினார். "மாஸ்ரர், உவர் என்ன வருத்தத்தில செத்தவர்?"

என் உரையில் அது இல்லை. "ஒரே மகன். முதலாம் உலக யுத்தத்துக்குப் போனவன். கன நாள் ஒரு செய்தியும் இல்லை. பிறகுதான் செத்திட்டான் எண்டு தெரிஞ்சுது. அதுக்குப் பிறகு உவரும் ரெண்டு வருஷம் தாங்கேல்லை."

வடைக்கு நீண்ட கைகள் அப்படியே நின்றன. வந்தவர்கள் நாற்பத்தொரு பேர் என்று எண்ணி வைத்திருந்தேன். எத்தனை பேர் ஊரிலிருந்து மகனின் செய்தி வரக் காத்திருப்பவர்கள் என்று எண்ணியிருக்கவில்லை.

அன்ரி எழுந்து போய்ப் படத்தடியில் ஒரு பூ வைத்தார். "பாவம் மனிசன்" என்றார். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். சாவியைக் குலுக்கிக்கொண்டு வந்த கட்டடக் காவலாளி, வரிசையைக் கண்டு குலுக்குவதை நிறுத்தினான். நான் நாற்பத்தொரு பேருக்கு விளக்க முடியாததை அவர்கள் எனக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. நானும் ஒரு பூ வைத்தேன்.

கதிரைகளை அடுக்கும்போது செயலாளர் கிட்ட வந்தார்.

"மாஸ்ரர், வருஷா வருஷம் செய்வம். திதி என்ன?"

"முதல்ல எனக்கு ஒரு மணித்தியாலம் தாரும். பிறகு திதி."

"அரை மணி. ஆசியுரையை வெட்டுறன்."

"முக்கால்."

"சரி. ஆனா வடைக்கு முதல்."

மறுநாள் காலை பேராசிரியர் இறந்த தேதியைத் தாளின் மேலே எழுதிவிட்டு, திதி கண்டுபிடிக்க அமாவாசைகளைப் பின்னோக்கி எண்ணத் தொடங்கினேன். பாரிஸ் நேர வித்தியாசத்தை வேறு கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.